பசுவும் பாசமும்: திருத்தொண்டர் புராணத்து ஆனினம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சேக்கிழார் சுவாமிகள் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் ஆனினம் வருமிடங்களையெல்லாம் உருவகமென்றே கொண்டு பொருளுரைக்கும் வழக்கம் சைவ மேடைகளில் நெடுநாளாக நிலவி வருகின்றது. ஆ என்பது உயிர், ஆயன் இறைவன், கயிறு மும்மலம், கொட்டில் உடம்பு, மேய்ச்சற்புலம் ஐம்புல விடயம், பால் ஞானம். இங்ஙனம் ஒவ்வொன்றற்கும் ஒரு தத்துவத்தை நேர்நிறுத்தி முடித்தவுடன், கதையிலுள்ள ஆவும் கன்றும் வேண்டாதனவாய் ஒதுங்கி விடுகின்றன. கரும்பைப் பிழிந்தபின் சக்கையை எறிதல் போல்வதென்று இதனைப் பாராட்டுவாரும் உளர். கேட்போர் செவிக்கு இவ்வுரை இனிதாதல் உண்மையே. ஆயின் நூலுக்கு இஃது இயைவதோ, சித்தாந்தத்திற்குத்தான் இயைவதோ என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் சொல்லை நோக்குக. பசு என்னும் வடசொல்லுக்குக் கட்டுண்டது என்றும், பாசம் என்பதற்குக் கட்டுவதாகிய கயிறு என்றும் ஆகம நூலார் பொருள் கொள்வர். மாட்டைக் கயிற்றாற் பிணித்த மக்களிடத்துப் பிறந்த சொற்களே பின்னர்த் தத்துவ நூலிற் குறியீடுகளாயின. ஆகலின் இவ்விரு சொற்களும் கொட்டிலிலிருந்து மடத்திற்குச் சென்றனவேயன்றி, மடத்திலிருந்து கொட்டிலுக்கு வந்தன அல்ல. இனி, சித்தாந்தத்தில் பசு என்பது உவமையன்று. உயிர்ப் பொருளுக்கு அதுவே பெயர். எழுவகைப் பிறப்பினுள் எதனை எடுத்த உயிரும் பசுவே. எனவே தும்பைப் பிடித்து நிற்கும் மனிதனும், தும்பின் மறுதலையில் நிற்கும் மாடும், கட்டுண்ட பொருள் என்னும் அளவில் ஓரினத்தன. இவ்விருவருள் ஒருவனைப் பதியென்றும் மற்றொன்றைப் பசுவென்றும் கூறின், அது பசுவொன்றைப் பதியென்று கூறிய குற்றமாய் முடியும். உருவகம் கூறுவார் இதனைப் பெரும்பாலும் நோக்குவதில்லை.

நூலினுட் புகுந்து காண்பார்க்கு இவ்வுருவகம் நிலைபெறாமை எளிதில் விளங்கும். திருமூல நாயனார் புராணத்தை எடுத்துக்கொள்க. திருக்கயிலையில் நந்தியெம்பெருமான் திருவருள் பெற்ற யோகியார் ஒருவர், அகத்திய முனிவரைக் காணும் பொருட்டுப் பொதியமலை நோக்கி வருவார், திருவாவடுதுறையை வணங்கிக் காவிரிக் கரை வழியே செல்கின்றார். ஆண்டுச் சாத்தனூர் ஆயனாகிய மூலன் ஆனிரை மேய்த்த இடத்திலேயே வாழ்நாள் உலந்து வீழ்ந்து கிடக்கின்றான். நிரை அவன் உடம்பைச் சூழ்ந்து கதறுகின்றது, சுழல்கின்றது, மோந்து பார்க்கின்றது. ஆயன் என்பான் பதியாயின், ஈண்டு இறந்துபட்டவன் யார்? பதிக்கு இறப்பு உண்டென்று எந்தச் சைவனும் ஒருப்படான். சண்டேசுர நாயனார் புராணத்தில் முதற்கண் வரும் ஆயனோ, தன்மேல் மருப்போச்சிய ஆவொன்றைச் சிறிதும் கூசாது கோலாற் புடைக்கின்றான். அவனையும் பதியென்று கூறல் இயலாது. மனுவேந்தன் வரலாற்றிற் கன்றின்மேல் தேர் செலுத்தியவன் அரசிளங்குமரன். மூன்றிடத்தும் உருவகம் தொடக்கத்திலேயே முறிந்து போதல் காண்க.

ஆனாய நாயனார் புராணம் ஒன்றே இவ்வுருவகத்திற்கு ஓரளவு இடந்தருவது. மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்துதித்த அந்நாயனார் கார்காலத்திற் பூத்து நின்ற கொன்றையைக் கண்டு, அதனைச் சடைமுடி தாங்கிய பெருமானாகவே கருதி, வேய்ங்குழலில் ஐந்தெழுத்தை இசைத்தார். மேய்ந்த ஆக்கள் அசைபோடுதலையும் மறந்து அவரை அணைந்தன. பாலுண்ட கன்றுகள் வாய்நுரையோடு முலையை விட்டு நின்றன. பகையுடைய விலங்குகளும் பகை மறந்து ஒருங்கு கூடின. குழலோசை திருவருள், கேட்ட விலங்குகள் உயிர்கள் என்று கூறின் அது தகும். ஆயினும் இப்புராணத்திலேயே குழலோசைக்கு முன்னர்ச் சேக்கிழார் செய்துள்ள ஒரு காரியத்தை அவ்வுரைகாரர் கண்டு கொள்வதில்லை. நாயனாரின் நிரையை ஒரே கூட்டமாக அவர் காட்டவில்லை. கன்றுகள், பால்மறை நாகுகள், கறவைகள், சினையாக்கள், அண்மையில் ஈன்ற புனிற்றாக்கள், விடைகள் என இனம் இனமாகப் பிரித்து மேய்க்கும் முறையை எடுத்துரைக்கின்றார். மாடு மேய்ப்பார் இன்றும் இதன் காரணம் அறிவர். கன்றைத் தாயோடு ஒருங்கு விடின் மாலையிற் கறவைக்குப் பால் எஞ்சாது; விடையைச் சினையாவோடு விடின் கரு கெடும்; புனிற்றா புதியாரைக் கண்டால் முட்டும். உயிர்க்கு உருவகமாக மட்டும் ஆவைக் கொண்ட புலவனுக்கு இப்பாகுபாடு எதற்கு? பால்மறை நாகு எந்தத் தத்துவம்? புனிற்றா எந்த மலம்? விடை கூறுவாரில்லை. தொழிலறிந்த கண்ணொன்று மாட்டை மாடாகவே நோக்கிய நோக்கு இது.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கதே. சேக்கிழார் தோன்றியது தொண்டைநாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர், வேளாண்குடி. சோழன் அநபாயனிடத்து அமைச்சராயிருந்தார். அநபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. சோழநாட்டுக் காவிரிக் கரையையும் மண்ணியாற்றங் கரையையும் அவர் பாடினும், ஏரும் எருதுமாயிருந்த வேளாண் மனையில் வளர்ந்தவர் என்பதை மறத்தலாகாது. ஏரிப்பாசனம் மிக்க தொண்டைநாடு கோடையில் வறண்டு, மாரியிற் கரைபுரளும் நிலம். ஆண்டு ஏரிக்கரைப் புல்லும், அறுவடைக்குப் பின்னர்க் கழனியில் நிற்கும் தாளும், ஊர்ப் பொதுவான மேய்க்கால் நிலமுமே கால்நடைக்கு உணவு. செம்மறிக் கிடை ஒன்றை இரவில் வயலில் மடக்கினால் அதுவே எரு. மாடும் மனிதரும் ஒரே கூரையின் இருபுறத்தும் உறங்கிய ஊர்கள் அவை.

அக்காலத்துக் கல்வெட்டுக்கள் விலங்கினத்தை நோக்கும் முறை வேறு. திருக்கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு ஆடு மாடுகளை விட்டுச் செய்த தருமங்கள் சோழர் கல்வெட்டுக்களிற் கணக்கிலடங்கா. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களின்படி ஒரு விளக்கிற்கு 96 ஆடு. அன்றேல் 48 பசு. அன்றேல் 16 எருமை. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். எவ்வாடும் சாவாது, மூப்படையாது என்பதன்று கருத்து. செத்ததற்கு ஈடாகக் குட்டி நின்று எண் குறையாதிருக்கும் என்பதே கருத்து. தருமம் நெடிது நிலைக்கவேண்டுமாயின் இவ்வேற்பாடு இன்றியமையாதது. அதனைக் குறைகூறற்கு இடமில்லை. ஆயின் எண்ணிற் சாவில்லை, உயிர்க்குச் சாவுண்டு. அரசாங்கத்தில் இக்கணக்குக்களை நன்கறிந்த அமைச்சர் ஒருவர், தம் காப்பியத்தின் வாயிலிலேயே, திருநகரச் சிறப்பிலேயே, ஒரு கன்றைச் சாகவிட்டார். ஈடாக வேறொரு கன்றைக் கொண்டு அத்தாயை ஆற்றுதல் கூடும் என்று அக்கதையில் ஒருவரும் கூறத் துணிந்திலர்.

அக்கதை சேக்கிழார்க்கு முற்பட்டது. சிலப்பதிகாரத்திற் கண்ணகி பாண்டியனிடம் தன் ஊரைக் கூறுங்கால் இதனைச் சுட்டுகின்றாள். ஈழத்து மகாவம்சம், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசு செய்த சோழன் ஏலாரன்மேல் இதே கதையை ஏற்றிச் சொல்கின்றது. தமிழர் எல்லாளன் என்பது இவனையே. பகைப்புலத்தானொருவனுடைய நடுநிலைமையைப் பௌத்தத் துறவியார் மறையாது எழுதி வைத்தமை போற்றத்தக்கது. அந்நூலில் ஆவின் பொருட்டு மட்டுமன்று. பனைமேற் கூட்டிலிருந்த குஞ்சைப் பாம்பு விழுங்கத் தாய்ப்பறவை வந்து மணியை அசைத்ததாகவும், அதற்கும் அரசன் முறை செய்ததாகவும் உள்ளது. ஆண்டு நிகழ்ச்சிகள் சுருங்கக் கூறப்படுகின்றன: ஆ மணியை அசைத்தது, மன்னன் அதே தேர்க்காலால் மகன் தலையைத் துணித்தான். அவ்வளவே. கன்று மீண்டும் எழவில்லை. எழவேண்டும் என்னும் நினைவும் ஆசிரியர்க்கு இல்லை.

சேக்கிழார் செய்த வேறுபாடு இறந்தவை எழுந்தன என்பது மட்டுமாயின், புராணிகர் எவரும் அதனைச் செய்திருப்பர். அவர் செய்தது பிறிதொன்று. அமைச்சர் கழுவாய் கூறுகின்றார்; நூல்வழி ஒழுகுவார் செய்யும் முறை உண்டென்கின்றார். அரசன் அதனை மறுக்கும் காரணத்தை ஊன்றி நோக்குக. கழுவாயால் மகன் பாவம் தீரலாம். தாயின் துயர் தீருமோ என்பதே அவன் வினா. பாவம் செய்தவனுக்கும் சாத்திரத்திற்கும் இடையே நடக்கும் கணக்கிற் கன்றை இழந்தவளுக்கு இடமேயில்லாமையை அவன் காண்கின்றான். அரசன் காத்தற்குரிய அச்சம் ஐந்தனுள், தன்னால் வருவதும் தன்னைச் சார்ந்தாரால் வருவதுமே முதலில் நிற்கின்றன. கள்வரும் பகைவரும் பின்னரே. தனக்கு அத்துயரை நீக்கும் ஆற்றல் இல்லையென்று உணர்ந்தவன், அத்துயரைத் தானும் எய்துதலே முறையென்று துணிகின்றான். இத்துணிபு சரியோ தவறோ என்று வழக்காடுவார் வழக்காடுக. அமைச்சன் மாய்ந்ததும் மகன் மாய்ந்ததும் கொடுமையே. சேக்கிழாரும் அதனை இனிப்புப் பூசி மறைத்திலர். பின்னர் இறைவன் விடைமேற் காட்சியளித்துக் கன்று எழுந்தபோது, புலவர் கண் அரசன்மேற் சென்றதோடு நில்லாது தாயாவின் மடிமேலும் செல்கின்றது. கன்று மகிழ்ந்து உண்ண, எஞ்சிய பால் நிலத்தை நனைக்கின்றது. ஈன்ற ஆவைக் கண்டறியாதார் எழுதக்கூடிய வரியன்று அது.

பால் நிலத்தில் வீழும் செய்தி சண்டேசுரர் வரலாற்றிலும் வருகின்றது. திருச்சேய்ஞலூர் விசாரசருமர் என்னும் மறைச்சிறுவர் ஆயனது கோலைத் தடுத்து, ஆவின் பெருமையை எடுத்துரைத்து, நிரை மேய்க்கும் தொழிலைத் தாமே மேற்கொண்டார். அவர் கையிற் கோலும் உண்டு, கயிறும் உண்டு என்று சேக்கிழார் குறிக்கின்றார். அடித்தலைத் தடுத்த சிறுவர் கோலை எறிந்துவிடவில்லை, கயிற்றையும் அறுத்துவிடவில்லை. நிரை மேய்த்தற்கு அவை இன்றியமையாதன. ஆனால் அக்கோல் ஆவின்மேல் விழாத கோலாயிற்று. அவர் பின் சென்ற ஆக்கள் கொழுத்தன. கன்றை அணையாமலே அவரைக் கண்ட மாத்திரத்திற் பால் சொரிந்தன. வீட்டிற் கறக்கும் பாலும் குறையவில்லை. ஆயினும் மண்ணியாற்றங் கரையில் மணலால் அமைத்த திருமேனிக்கு அவர் பாலாட்டியதைக் கண்டான் ஒருவன், பாலை வீணே மணலிற் கொட்டுகின்றான் என்று ஊராரிடம் கூறினான். திருவாரூரில் நிலத்தை நனைத்த பாலை ஒருவரும் வீண் என்றிலர். சேய்ஞலூர் அவையோர்க்கோ அது களவாய்த் தோன்றிற்று. தந்தையாகிய எச்சதத்தன் குராமரத்தில் மறைந்திருந்து பார்த்து, இறங்கி வந்து மைந்தன் முதுகிற் கைத்தண்டால் அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். மைந்தர் முன்னே கிடந்த கோலை எடுக்க அது மழுவாயிற்று. தந்தையின் தாள்கள் துணிந்தன.

தந்தையின் காலைத் துணித்தவரை நாயனாரென்று வணங்குதல் எங்ஙனம் என்று பிறசமயத்தார் கேட்பது பழைய வினா. சிவாபராதம் செய்தானை ஒறுத்தமையால் அது தருமமேயாயிற்று என்பது பழைய விடை. அவ்விடை சரியே, அதனை ஈண்டு மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது, கதை கோலிலே தொடங்கிக் கோலிலே முடிகின்றது என்பது. ஆயன் கோல் ஆவின்மேல் விழுந்தது. தந்தையின் தண்டு மகன்மேல் விழுந்தது. அடிபட்ட ஆவும் அடிபட்ட சிறுவரும் ஒருவரையொருவர் ஒத்தனர். ஆ மருப்போச்சியது; சிறுவர்தம் கையில் மழு வந்தது. இங்ஙனம் ஆவின் நிலையில் அச்சிறுவரைச் சேக்கிழார் நிறுத்திக் காட்டியபின், ஆவை வெறும் உருவகமென்று தள்ளுவார்க்கு அக்கதையின் பாதி அறியவாராது.

ஈண்டு ஒரு தடை எழும். விசாரசருமர் ஆவைப் போற்றியது அதன் துன்பம் கருதியன்று. ஆனைந்தும் திருநீறும் தருதலால் அது சிவபூசைக்கு உபகரணம் என்பது கருதியே யாகும். அவர் ஆயனுக்குக் கூறிய அறிவுரையும் அப்பெருமைகளையே விரிக்கின்றது. ஆகவே அஃது உயிரன்பு அன்று, பயன்பற்றிய மதிப்பே என்பர். இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. ஆவிற்குக் கிடைத்த கண்ணீர் எருமைக்கும் ஆட்டிற்கும் புராணத்திற் கிடைக்கவில்லை. விளக்கிற்கு நெய் தந்த 96 ஆட்டிலொன்றும் காப்பியத்திற் கதறக் காணோம். இஃது ஒரு குறையென்றே ஒப்புக்கொள்ளல் வேண்டும். பயன்படும் விலங்கினுள்ளும் தூயதெனப்பட்ட ஒன்றற்கே காப்பிய மேடையில் இடங் கிடைத்தது.

ஆயினும் தடை முழுவதும் வெல்லாது. கண்ணப்ப நாயனார் புராணத்து வேட்டையைக் காண்க. உடுப்பூர் வேடர்க்கு விலங்கு உணவு. கொலை அவர்க்குத் தொழில். அத்தொழிலினுள்ளும் யானைக் கன்றுகளைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்நடையிடும் பிணைகளை அலைக்காமையும் அவர்க்கு விதியாயிருந்தன எனச் சேக்கிழார் கூறுகின்றார். அவ்விலங்குகள் பூசைக்கு உபகரணமல்ல. பால் தருவனவும் அல்ல. கோச்செங்கட்சோழர் வரலாற்றிலோ சிலந்தியும் யானையும் தாமே தொண்டர். திருவானைக்காவிற் பெருமான் திருமுடிமேற் சருகு உதிராமல் நூற்பந்தரிட்ட சிலந்தி, மனிதனுக்கு எந்தப் பயனும் தாராத உயிர். அதுவே அரசனாய்ப் பிறந்து கோயில்கள் எடுத்தது. விலங்கின் அறிவு சிறிதாயினும் அன்பு சிறிதாக வேண்டியதில்லை என்பது அவர் கருத்தென்க.

எல்லாவற்றினும் வலிய விடை சாத்தனூரிலே உள்ளது. மூலன் உடம்பைச் சூழ்ந்து கதறிய நிரையைக் கண்ட யோகியார் அப்போது அவற்றிடம் பாலையோ ஆனைந்தையோ வேண்டி நிற்கவில்லை. எண்வகைச் சித்தியும் உடைய அவர்க்கு மாடுகளாற் கொள்ளத்தக்க பயன் யாதுமில்லை. இவன் உயிர் பெற்றாலன்றி இவை துயர் நீங்கா என்று எண்ணியது ஒன்றே காரணம். தம் உடம்பைச் சேமமாக ஓரிடத்தில் வைத்து, இடையனது உடம்பிற் புகுந்தார். மூலன் எழுந்தான், ஆக்கள் நாத்தழும்ப நக்கி, மோந்து, வாலெடுத்துத் துள்ளி, மீண்டும் மேயப் போயின. இங்ஙனம் புல் மேய்ந்து நீருண்ட நிரையை நிழலில் இருத்திக் காத்தவர் திருமூலர்.

பழைய ஊர்களிற் கன்றிழந்த கறவைக்குத் தோற்கன்று காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னிறுத்தினால், தாய் அதனை நக்கிப் பால் சுரக்கும். யோகியார் செய்ததும் தோற்கன்று காட்டியது போல்வதன்றோ? உள்ளிருந்தது மூலன் உயிரன்றே. ஆக்கள் ஏமாற்றப்பட்டன அன்றோ? என்று ஐயுறுவார் உளராயின், அது நல்ல ஐயமே. தோற்கன்றில் உயிரில்லை, காட்டுவானுக்குப் பால் வேண்டும். இதனுள் உயிருண்டு, காட்டினவர்க்கு ஒன்றும் வேண்டாம். மேலும், ஆ மோந்து அறிவது. அதற்கு ஆயன் என்பது அவன் மணமும் குரலும் கைத்தீண்டலுமே. அதன் அறிவிற்கு எட்டிய அளவில் மூலன் மீண்டு வந்தது பொய்யன்று. அவ்வவ்வுயிரின் பக்குவத்திற்கு ஏற்ற அளவிலே திருவருள் உதவும் என்னும் சித்தாந்தத் துணிபு, இங்கே ஒரு மாட்டு மந்தையின் நடுவே செயலாய் நிற்கின்றது.

மூலன் மனைவியின் திறத்தில் யோகியார் நடந்தது வேறு. ஆக்களின் துயர் தீர்க்க உடம்பு மாறியவர், கணவனைத் தேடி வந்தவள் தீண்ட வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். அவள் அன்றிரவு துயிலாது வருந்தினாள். மறுநாள் ஊர்ச்சான்றோர் வந்து, இவர் யோகத்தில் நிற்பவர், இனி உன் சுற்றத்தார் ஆகார் என்று தேற்றி அவளைக் கொண்டு போயினர். மாட்டிற்கு இரங்கியவர் மனைவிக்கு இரங்காதது ஏன்? ஆவிற்கு வேண்டியது அவன் இருப்பு. அவளுக்கு வேண்டியது இல்வாழ்க்கை. முன்னதை அவர் பொய்யின்றித் தரலாம். பின்னதை மாற்றான் உடம்பில் நின்று தருதல் அறமாகாது. இவ்விடை நியாயத்திற்கு அமையும். நெஞ்சிற்கு முற்றும் அமையுமென்று சொல்லல் அரிது. சேக்கிழாரும் அவளை ஆற்றுவித்துக் கதையை முடிக்கவில்லை, வருத்தத்தோடே அனுப்பி வைத்தார்.

இவ்விடத்திற் பாசம் என்னும் சொல்லின் இன்றைய வழக்கையும் நோக்குதல் வேண்டும். ஊரார் பாசம் என்றால் அன்பு என்றே கொள்வர். ‘மாட்டின்மேற் பாசமாயிருப்பான்’ என்பர். கட்டை அன்பென்று மயங்கிய அறியாமை இதுவென்று பண்டிதர் எள்ளுவர். அவ்வளவு எளிதாக எள்ளத்தக்கதன்று. உமாபதி சிவாசாரியார் எண்ணும் மலம் ஐந்தனுள் திரோதாயி என்பது ஒன்று. உண்மையில் அது சிவசத்தியே. மலத்தைத் தொழிற்படுத்தி உயிரைப் பக்குவப்படுத்துதலின் மலமென்று உபசரிக்கப்படுகின்றது. கட்டிக் காக்கும் கயிறொன்று உண்டு, அக்கயிறு பிடிப்பவனது கருணையே என்பதுதான் இதன் கருத்து. கன்றைக் கயிற்றாற் கட்டாத இடையன் அன்புடையவனல்லன். ஓநாய்க்கு அதனை விட்டுக்கொடுத்தவன். கயிற்றையும் அன்பையும் ஒரு சொல்லால் வழங்கிய ஊரார், சாத்திரம் அறியாமலே சாத்திரத்திற்கு அண்மையில் நின்றனர் என்னலாம். ஆயின் இடையனது கயிறு திரோதாயியாகாது. அவனும் கட்டுண்டவன், அவன் கயிற்றில் அன்பும் உண்டு, தன்னலமும் உண்டு. இவ்விரண்டும் ஒரே புரியில் முறுக்கப்பட்டிருத்தலாலேயே மாட்டிற்கும் மனிதனுக்கும் உள்ள உறவு சிந்தனைக்கு உரியதாகின்றது. ஏறுதழுவலைப் பற்றி 2014-இல் உச்சநீதிமன்றத்தின் தடையும், 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தமும், 2023-இல் அத்திருத்தம் செல்லும் என்ற தீர்ப்புமாக நடந்த நெடிய வழக்கிலும், ஒரு சாரார் வதை என்றனர், மறு சாரார் பாசம் என்றனர். அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கு வைத்து நோக்கியவர் சிலரே.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்குச் சேக்கிழார் பிறந்த நாட்டிலேயே சான்று உண்டு. குன்றத்தூருக்கு மேற்கே, சீபெரும்பூதூருக்கு அணித்தாய், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தண்டலம் என்னும் ஊர் உள்ளது. இப்பெயருடைய ஊர்கள் தொண்டைநாட்டிற் பல. தண்டலை என்னும் சோலைப் பெயரை அது நினைவூட்டுவது. நெல்வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமுமாயிருந்த இவ்வட்டாரம், 1990-களின் பிற்பகுதி தொடங்கி முற்றிலும் வேறாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மோட்டார் ஊர்தித் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்தன. பலர்க்கு ஊதியமும் பிள்ளைகட்குக் கல்வியும் இவற்றால் வந்தன. இதனை மறுப்பது நன்றியறியாமையாகும். உழவிற்கு டிராக்டர் வந்தபின் எருது வேண்டாததாயிற்று. காளைக்கன்று பிறந்தால் விற்றுவிடுவதே வழக்கமாயிற்று. சென்னைச் சிவப்பு என்று கால்நடை நூலார் பெயரிட்ட செம்மறி இந்நிலத்திற்கே உரிய இனம். அதன் கிடைக்குக் கழனி குறைந்தது. மேய்ச்சலிழந்த மாடு நெடுஞ்சாலையில் வந்து படுக்கின்றது. இரவில் ஊர்திகளில் அடிபட்டு மாடு மாய்தலும், மாட்டின்மேல் மோதி மனிதர் மாய்தலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் அரியன அல்ல. கன்றின்மேல் தேரூர்ந்த வரலாற்றைப் பாடியவர் பிறந்த கோட்டத்திலேயே இன்று உலகிற்கு ஊர்தி செய்யப்படுகின்றது. இந்நிலத்தில் திருநகரச் சிறப்பை ஓதுவார்க்கு இது தோன்றாமற் போகாது.

இதனால் நூலுக்கு நேரும் இழப்பு யாதெனின், சொற்களின் இழப்பே முதலாவது. பால்மறை நாகு, புனிற்றா, தும்பு, கிடை, மேய்க்கால் என்பவற்றை அகராதியில் தேடும் தலைமுறை ஒன்று எழுந்துவிட்டது. அவர்க்கு ஆ உருவகமாகவே தோன்றும். வேறாகத் தோன்றுதற்கு அவர் கண்முன் ஆ இல்லை. மேடையுரைகாரர் உருவகத்தை நாடியதும் ஒருகால் இதனாலேயே போலும். ஆனால் கயிறு இழுக்கும்போது கழுத்து எங்ஙனம் சாயும் என்று காணாதவன், பாசம் என்னும் சொல்லால் உமாபதி சிவம் என்ன கருதினார் என்று எங்ஙனம் அறிவான்? பசுவைக் காணாத பசுவுரை, உப்பைச் சுவையாதவன் கடலைப் பாடியதோடொக்கும்.

இனித் திருமூலர் வரலாற்றில் எஞ்சிய ஒரு செய்தி. மாலையில் ஆக்கள் தம் கன்றுகளை நினைந்து தாமாகவே ஊர்வழி நடந்தன. மேய்ப்பவர் அவற்றைச் செலுத்தவில்லை. அவற்றின் பின்னே சென்றார். அவை தத்தம் மனைகளிற் புகுந்தபின், தமக்குப் புகுதற்கு மனையின்றி வெளியே நின்றார். மறுநாள் தம் உடம்பை வைத்த இடத்தைத் தேடிப் புறப்பட்ட யோகியார், முன்னாள் நிரை வந்த அவ்வழியே மீண்டு சென்றார் என்கின்றார் சேக்கிழார். எண்வகைச் சித்தி வல்ல அவர்க்கும், அறியா நாட்டில் வழிகாட்டியது மாட்டுக் குளம்பு பதிந்த தடமே. உடம்பு ஆண்டு இல்லை. இறைவன் அதனை மறைத்தருளினான். தமிழில் ஆகமப் பொருளைக் கூறுவித்தற்கே இது நிகழ்ந்ததென்று உணர்ந்து, இடையன் உடம்போடே திருவாவடுதுறைக்குத் திரும்பி, அரசமரத்தின் கீழ் அமர்ந்தார். திருமந்திரம் மூவாயிரமும் அவ்வுடம்பினின்றே பிறந்தன. அந்நூலுள், எவரும் செய்யத்தக்க எளிய அறங்களாக அவர் எண்ணுவன நான்கு: இறைவனுக்கு ஒரு பச்சிலை; உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி; பிறர்க்கு ஓர் இன்சொல்; பசுவிற்கு ஒரு வாய்ப்புல்.